சுவரோரச் சோளம்

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தர வேண்டிய பணம் அவ்வளவு. கொத்தனார் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கரணையின் முனையால் மண்ணில் ஒரு குழி பறித்தார். விரலில் ஒரு கணு ஆழம். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிப் பருத்திருந்த சோளமணிகள் இரண்டை உள்ளே போட்டு, மண்ணைத் தள்ளி மூடி, கரணையின் வயிற்றால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சாண் தள்ளி அடுத்த குழி. மறுபடியும் நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. வரிசை கோணிவிடக் கூடாதென்று சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூல் கட்டியிருந்தார். செங்கல் வைக்கும்போது கட்டுகிற அதே நூல்தான். முப்பது வருஷம் நேர்கோடு பிடித்த கைக்கு வேறு மாதிரி வராது.

அந்தச் சுவரும் அவர் கட்டியதுதான். நெஞ்சுயரம். மேலே சாய்வாகப் பூசி, மழைத்தண்ணீர் நிற்காமல் வழிய ஒரு வாட்டம் கொடுத்திருந்தார். சுவரை மட்டுமல்ல, அதற்குப் பின்னால் நிற்கிற காண்ட்ராக்டரின் மாடி வீட்டையும் அடி முதல் நுனி வரை பூசியது அவர் கைதான். காலையில் பல் தேய்க்க வெளியே வந்தால் கண்ணில் படுவது அந்தச் சுவர். சாயங்காலம் வேலை விட்டு வந்து முகம் கழுவினால் அதே சுவர். ஒரு கடப்பாரையும் அரை நாளும் இருந்தால் படுக்க வைத்துவிடலாம். ஆனால் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் மயிரிழை பிசகாமல் நிற்கிற வேலை அது. காண்ட்ராக்டர் மேல் எத்தனை ஆத்திரம் இருந்தாலும் அந்த வேலையின் மேல் கை வைக்க மனசு வரவில்லை. அதனால் கடப்பாரைக்குப் பதிலாகச் சோளம்.

பின்வாசலில் வந்து நின்ற மனைவி நூலைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். காய்கறி மண்டியில் அழுகலையும் நல்லதையும் பிரித்துப் போடுகிற வேலை அவளுக்கு. எதைப் பார்த்தாலும் கண் முதலில் குறையைத்தான் தேடும்.

"என்னங்க, ரசமட்டத்தையும் எடுத்துட்டு வரட்டுமா? மட்டம் பாத்துப் போடுவீங்களா?"

"போடி உள்ள."

"ஒரே கோடா போட்டா என்னத்துக்கு ஆகும்? நாலு வரிசை கட்டமா போடணும். சோளம்னா ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி பாத்து நிக்கணும்."

"மூணு வரிசை உண்டு. இன்னைக்கு ஒண்ணு. அடுத்த வாரம் ஒண்ணு. அதுக்கடுத்த வாரம் ஒண்ணு."

"தவணை முறையிலயா?" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

தவணை என்ற சொல் அவருக்குச் சிரிப்பை வரவழைக்கிற சொல் அல்ல. நாளுக்கு எழுநூறு கூலி என்பது பேச்சு. சனிக்கிழமைதோறும் பாதியைக் கையில் கொடுத்த காண்ட்ராக்டர், மறுபாதியைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டார். "கையில இருந்தா கரைஞ்சுடும்யா. எங்கிட்ட சேரட்டும். கடைசியில மொத்தமா வாங்கினா உன் வீட்டுக்கு ஒரு தளம் போடலாம்ல?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் கான்கிரீட் தளம் போடுகிறவர் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் புருஷன் பெண்டாட்டி பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. நூற்றுப் பத்தொன்பது நாள் அப்படிப் பாதி பாதியாகச் சேர்ந்தது. வேலை முடிந்த சனிக்கிழமை, சிமெண்ட் மூட்டை அடுக்கிய அறையில் காண்ட்ராக்டர் ஒரு தாளை நீட்டினார். "கணக்கு முடிக்கணும், இதுல ஒரு கையெழுத்து. பணம் திங்கக்கிழமை." கொத்தனாருக்குக் கையெழுத்து என்பது பார்த்துப் பழகிய ஒரு படம். அந்தப் படத்தை வரைந்து கொடுத்தார். கார்பன் வைத்து எடுத்த ரோஸ் நிறத் தாள் ஒன்றை மடித்து அவர் சட்டைப்பையில் காண்ட்ராக்டரே வைத்துவிட்டார், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

திங்கட்கிழமை போய் நின்றபோது சைட்டில் பத்து பேர் இருந்தார்கள்.

"என்ன பாக்கி? எல்லாம் வாங்கிட்டேன்னு நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே?"

"சார், நீங்க பணம் திங்கக்கிழமைன்னு..."

"அதுல எழுதியிருக்கேய்யா. படிக்கலையா?"

பத்து பேரும் சிரித்தார்கள். கலவை போடுகிறவன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். அவனுக்கும் படிக்கத் தெரியாது.

பணத்தைக்கூட ஒருவேளை மறந்திருப்பார். அந்தக் கேள்வி மறக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் அது கிடந்தது. சாரத்தின் மேல் நின்று பூசும்போது காதோரம் அது கேட்டது. மூன்றாவது மாதம், ஐம்பத்து மூன்றாவது வயதில், தொடக்கப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்கள் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். குழந்தைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் மேசையில் இடிக்கும். சிமெண்ட் தின்று வெடித்த விரல்களுக்குள் பென்சில் நிற்காமல் வழுக்கும். ஒன்றிரண்டு பேர் பேரன் பேத்திக்குக் கதை படிக்க வேண்டும் என்று வந்தார்கள். ஒருத்தி பஸ் போர்டு படிக்க வந்தாள். கொத்தனார் எதற்கு வந்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து, அவரவர் படிக்க ஆசைப்படுவதைக் கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொன்னபோது, அவர் அந்த ரோஸ் தாளை எடுத்துப் போனார். எழுந்து நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தார். எனக்குச் சேர வேண்டிய கூலி முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று முடிந்தது. கீழே அவர் வரைந்த படம்.

"இது செல்லும்ங்க" என்றார் டீச்சர் மெதுவாக. "கேஸ் போட்டாலும் நிக்காது."

"கேஸ் வேண்டாம் டீச்சர். சரியாப் படிச்சேனா, அதைச் சொல்லுங்க."

சரியாகத்தான் படித்திருந்தார்.

ஆயுதம் சுவர் தாண்டி அதுவாகவே வந்து விழுந்தது. காண்ட்ராக்டருக்கு இடுப்பில் அடிபட்ட பிறகு சைட்டுக்குப் போவது குறைந்து, தோட்டத்தில் இனிப்புச் சோளம் போட ஆரம்பித்திருந்தார். முதல் போகமே அமோகமாக வந்துவிட்டது. போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டு அவித்துக் கொடுத்தார். எதைத் தின்றாலும் மிச்சத்தை, எதை உரித்தாலும் உறையை, சுவருக்கு இந்தப் பக்கம் வீசுவது அவர் பழக்கம். அப்படி விழுந்தது ஒரு விதை பாக்கெட். முன்பக்கம் சிரிக்கிற சோளக்கதிர் படம். பின்பக்கம் பொடி எழுத்து. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காமல் கிழித்து எறிகிற எழுத்து. கொத்தனாருக்கு அப்போது எந்த எழுத்தைக் கண்டாலும் விடமுடியாத நேரம். தீப்பெட்டியைக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்தப் பாக்கெட்டைப் படித்தார். ஐம்பதாம் நாளில் பூக்கும் என்றிருந்தது. இத்தனை ஆழம், இத்தனை இடைவெளி என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, ஓரமாக, இப்படி இருந்தது: இந்த ரகத்தை வேறு சோளத்தின் அருகில் விதைக்க வேண்டாம். மகரந்தம் கலந்தால் கதிரின் இனிப்பும் மென்மையும் கெடும்.

மகரந்தம் என்றால் என்னவென்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் கரும்பலகையில் ஒரு சோளச்செடியை வரைந்தார். உச்சியில் பூ. அதிலிருந்து மஞ்சள் பொடி கொட்டும். நடுவில் கதிர். கதிரின் நுனியில் தொங்குகிற முடி ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிற வழி. பொடி முடியில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். எந்தப் பொடி விழுகிறதோ அந்தக் குணம்.

"பொடி எப்படி டீச்சர் வரும்?"

"காத்துலதான்."

கொத்தனார் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். அந்த வகுப்பில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. படிப்பின் சந்தோஷம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கொத்தனாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீட்டு வேலையின்போது அவர் இந்தப் பக்கம் நின்று மணல் சலித்தால் தூசி முழுக்க அந்தப் பக்கம் போகும். மாடி முடியுமுன்பே கீழே குடிவந்து துணி காயப்போட்ட காண்ட்ராக்டர் மனைவி தினமும் சண்டைக்கு வருவார்.

அடுத்த விதைப்புக்கு ஏழு மாதம் காத்திருந்தார். பாக்கெட் ரோஸ் தாளோடு சேர்ந்து சட்டைப்பையிலேயே இருந்தது. சட்டை மாறினால் அதுவும் மாறும். மாட்டுத்தீவனக் கடையில் போய், கோழிக்கும் மாட்டுக்கும் போடுகிற கெட்டி மக்காச்சோளம் கால் கிலோ கேட்டார்.

"முளைக்குமா?"

"முளைக்கும். அறுபது நாள்ல பூக்கும். ஆனா சாப்பிடறதுக்குன்னா வேண்டாம்ணே, கடிச்சா பல்லு போயிடும்."

"அதுதான் வேணும்" என்றார் கொத்தனார்.

அறுபதுக்கும் ஐம்பதுக்கும் பத்து நாள் வித்தியாசம். காண்ட்ராக்டருக்குப் பத்து நாள் முன்னால் விதைத்தால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். அவர் என்றைக்கு விதைப்பார் என்பது மட்டும் தெரியாது. எரு இறங்கிவிட்டது, பாத்தி கட்டியாயிற்று, 'இந்த மாசத்துக்குள்ள போட்டுடுவேன்' என்று போனில் கத்துவது கேட்டாயிற்று. அதனால்தான் மூன்று வரிசை, வாரத்துக்கு ஒன்று. எது தப்பினாலும் ஒன்று மாட்டும்.

மனைவியிடம் இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அவளோ தன் பங்குக்கு ஒன்று செய்தாள். முதல் வரிசை போட்ட அன்றே, மண்டியிலிருந்து கொண்டு வந்த கொடிபீன்ஸ் விதையை ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஊன்றிவிட்டாள். சோளத்தண்டு இருக்கும்போது பந்தல் எதற்கு என்பது அவள் கணக்கு. வரிசைக்கு முன்னால் நாலு இடத்தில் பூசணி விதை. இலை படர்ந்தால் மண் காயாது, களையும் வராது. எண்ணமெல்லாம் சரிதான். அவசரம்தான் தப்பு. சோளம் நாலு விரல் உயரம் வருவதற்குள் பீன்ஸ் அதைத் தாவிப் பிடித்து, சுற்றி, கழுத்தை முறுக்கிக் கீழே சாய்த்துவிட்டது. முதல் வரிசையில் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"யாரடி இதைப் போடச் சொன்னது?"

"சும்மா கிடக்கிற மண்ணுதானே. ஒண்ணோட ஒண்ணு வளரட்டும்னு போட்டேன்."

"நான் என்னத்துக்கு விதைச்சிருக்கேன், நீ என்னத்துக்கு விதைக்கிறே!"

"என்னத்துக்கு விதைச்சீங்க? சொல்லுங்களேன், கேப்போம்."

அவர் சாய்ந்து கிடந்த தண்டு ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். மண்டியில் கத்தரிக்காயைத் திருப்பிப் புழு ஓட்டை தேடுகிற பார்வை. தேடியது கிடைத்துவிட்டது போல, சுவரைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த பாத்திகளைப் பார்த்தாள். இரண்டாவது வரிசைக்குச் சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் பீன்ஸ் ஊன்றினாள். அந்த வரிசை நிமிர்ந்து நின்றது.

மூன்றாவது வரிசை போட்ட மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் விதைத்தார். கொத்தனார் விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது வரிசைக்கும் அதற்கும் சரியாகப் பத்து நாள். அன்று அவருக்குச் சோறு இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

இரண்டு மாதத்தில் அவருடைய சோளம் சுவரைத் தாண்டி ஒரு முழம் மேலே போய் நின்றது. கருத்துத் தடித்த தண்டு, வாள் மாதிரி இலை. தண்டைச் சுற்றிப் பீன்ஸ், அடியில் தட்டகலம் பூசணி இலை. தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காண்ட்ராக்டரும் பார்த்தார்.

"என்னய்யா, பெரிய விவசாயி ஆயிட்டே போல! என்னைப் பாத்துப் போட்டியா?"

"உங்களை நெனைச்சுத்தான் போட்டேன் சார்."

காண்ட்ராக்டர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

பூ வந்தது. இரண்டாவது வரிசையின் உச்சியில் மஞ்சள் குஞ்சம் விரிந்த அதே வாரத்தில் அந்தப் பக்கத்துக் கதிர்களில் வெளிறிய முடி எட்டிப் பார்த்தது. காலையில் பனி காய்ந்து, வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம் இருக்கும். கொத்தனார் பூச்சு தேய்க்கிற மணியாஸ் கட்டையை எடுத்துக்கொண்டு வரிசையின் தலையிலிருந்து கடைசி வரை போவார். ஒவ்வொரு தண்டிலும் மெதுவாக ஒரு தட்டு. மஞ்சள் பொடி புகை மாதிரி எழும்பி, ஒரு கணம் நின்று, காற்று வந்து தூக்க, அவர் கட்டிய சுவருக்கு மேலே மிதந்து அந்தப் பக்கம் இறங்கும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலாகக் கிடந்த அன்றுகூடப் போர்வையோடு எழுந்து வந்து தட்டினார். எத்தனையோ சுவருக்குப் பூச்சு பூசியிருக்கிறார். இவ்வளவு கவனமாக எதற்கும் பூசியதில்லை.

அதற்குள் பூசணிக்கொடி சுவரேறி அந்தப் பக்கம் இறங்கி இரண்டு காய் காய்த்துவிட்டது. மனைவி தினமும் எட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் இரண்டையும் காணோம். காம்பு மட்டும் பால் வடிய நின்றது. காண்ட்ராக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க காய்..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"சுவர் யாருதும்மா? என்னுது. சுவருக்கு இந்தப் பக்கம் காய்ச்சது யாருது?" பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "சட்டம் தெரிஞ்சு பேசணும்."

அவள் திரும்பி வந்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். பிறகு கணவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில நீங்க சீக்கிரம் போகணும்ல? அந்தக் கட்டையை எங்கிட்ட குடுங்க. நான் தட்டறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனைச்சீங்க? சட்டை துவைக்கிறது யாரு?"

காண்ட்ராக்டர் பன்னிரண்டு வீடு கட்டுகிற வேலை ஒன்றுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர் வயசாளி, வசதியானவர், வாய் நிறையப் பல் செட். அவரைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுச் சோளம் கொடுத்து வேலையை வாங்கிவிடுவது என்று திட்டம். மூன்று ஞாயிறுகளாக போனில் அதே பேச்சு. "சார், உங்களுக்காகவே செடியில விட்டு வெச்சிருக்கேன். பல்லே இல்லாதவன்கூட சாப்பிடலாம். வெண்ணெய் சார், வெண்ணெய்!" அந்த வயசாளி இரண்டு முறை தேதியைத் தள்ளினார். ஒவ்வொரு முறை தள்ளியபோதும் கதிர்கள் செடியில் இன்னும் ஒரு வாரம் முற்றின. கொத்தனாருக்கு இது எதிர்பாராமல் கிடைத்த உபரி.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார்கள். அந்தப் பெரியவர், கணக்குப்பிள்ளை, வேறு நாலு பேர். பெரிய அண்டாவில் கதிர்கள் கொதித்தன. ஒரு மணி நேரமாகக் கொதிக்கின்றன என்பது சுவருக்கு இந்தப் பக்கம் பீன்ஸ் பறிக்கிற பாவனையில் நின்ற கொத்தனாருக்குத் தெரியும். காண்ட்ராக்டரின் மனைவி ஒரு கதிரை நகத்தால் கீறிப் பார்த்து, புருஷனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். வெண்ணெய் தடவி, தட்டில் வைத்து, முதல் கதிரைப் பெரியவரிடம் காண்ட்ராக்டரே இரண்டு கையாலும் நீட்டினார்.

பெரியவர் கடித்தார். ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். கதிர் வாயிலிருந்து வெளியே வந்தபோது கூடவே மேல்வரிசைப் பல் செட்டும் வந்தது, கதிரைக் கவ்விக்கொண்டு. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெரியவர் நிதானமாகப் பல்லைப் பிரித்தெடுத்து, வேட்டியில் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"என்னய்யா இது, வீட்டுக்குப் போட வேண்டிய கான்கிரீட்டைச் சோளத்துக்குப் போட்டுட்டியா?"

கணக்குப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். சிரிப்பு எந்தப் பக்கம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கொத்தனார் கண்ணை மூடிக் கேட்டார். காண்ட்ராக்டர் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. ஒரு கதிரைத் தானே கடித்தார், துப்பினார். விதைக்கடைக்காரன் ஏமாத்திட்டான், அவனைச் சும்மா விடமாட்டேன் என்று குதித்தார்.

"கடைக்காரர் மேல தப்பில்ல" என்றது சுவருக்கு மேலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கொத்தனார் பீன்ஸ் கூடையைச் சுவர் மேல் வைத்தார்.

"என் சோளத்துப் பூப்பொடி காத்துல வந்து கலந்துடுச்சு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாது."

காண்ட்ராக்டருக்கு அது உள்ளே இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "டேய்... தெரிஞ்சேதான் போட்டியா நீ?"

கொத்தனார் சட்டைப்பையில் கைவிட்டார். மடிப்பில் நைந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு பூசணிப் பிஞ்சையும் வைத்தார். இந்த ஒரு வாக்கியத்தை மூன்று வருஷமாக வாயில் போட்டு அடக்கி வைத்திருந்தார். அவசரப்படாமல் சொன்னார்.

"அதுல எழுதியிருக்கே. படிக்கலையா?"

காண்ட்ராக்டர் பாக்கெட்டைப் பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பதைக் கொத்தனார் பார்த்தார். ஞாபகம் வராமல் போய்விடுமோ என்பதுதான் இத்தனை நாளும் அவருக்கு இருந்த ஒரே பயம்.

பெரியவர் எழுந்து சுவரண்டை வந்தார். "யாருய்யா நீ?"

"இந்தச் சுவரைக் கட்டினவன்ங்க. அந்த வீட்டையும் பூசினவன்."

பெரியவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். மேற்பூச்சின் வாட்டத்தைக் கையால் தடவினார். "நல்ல வேலை."

"வேலை நல்ல வேலைதான். கூலிதான் இன்னும் வரல. நாப்பத்தோராயிரத்து அறுநூத்தம்பது."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

பெரியவர் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "பன்னெண்டு வீடு. கூலி வராம ஆளுங்க பாதியில எறங்கிப் போனா, எனக்கு யாரு கட்டித் தருவா?"

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. காண்ட்ராக்டர் பாய்ந்து வந்து சிரித்தார். தொண்டையில் சோளம் சிக்கிய சிரிப்பு. "அட, அது ஒரு சின்னப் பாக்கி சார், மறந்தே போச்சு. நாளைக்கே குடுத்துடறேன்யா, உடனே குடுத்துடறேன். ஆனா ஒண்ணு, இந்தச் சோளத்தை வெட்டிடணும். அடுத்த விளைச்சலையும் கெடுத்துடாதே."

"பணம் வந்ததும் வெட்டிடறேன்" என்றார் கொத்தனார்.

பூ உதிர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உச்சியில் நிற்பது காய்ந்த சருகு. இனி அந்தச் செடியால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அதுவும் பாக்கெட்டைப் படித்து யோசித்தால் தெரிந்திருக்கும். பாக்கெட் சுவர் மேலேயே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தது காண்ட்ராக்டர் அல்ல, அவர் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு உறையை நீட்டினார். கொத்தனார் சுவர் மேலேயே வைத்து எண்ணினார்.

"நாப்பத்தோராயிரம் இருக்கு. அறுநூத்தம்பது?"

"சில்லறையை விட்டுட வேண்டியதுதானே..." என்றார் அந்த அம்மா, தயங்கி. கொத்தனார் உறையை எடுக்காமல் கையை நீட்டியே வைத்திருந்தார். அந்த அம்மா உள்ளே போய், சமையலறைக்குள் எங்கேயோ வைத்திருந்ததைக் கொண்டு வந்தார். சுருட்டிய நோட்டு, மிச்சத்துக்குக் காசு. ஒவ்வொன்றாகச் சுவர் மேல் வைத்தார்.

"இருங்க. ரசீது தரேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

"வேணும்."

மனைவி நோட்டும் பேனாவும் கொண்டு வந்தாள். கொத்தனார் சுவர் மேல் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதுவது மெதுவாகத்தான். அன்று இன்னும் மெதுவாக எழுதினார். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். எத்தனை நாள் வேலை, எந்தச் சுவர், என்ன உயரம் எல்லாம் எழுதினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது மெல்லச் சொன்னார்:

"அன்னைக்கு அந்தத் தாளை எழுதினது நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. கொத்தனார் தலை நிமிரவே இல்லை. கடைசியில், படமாக இல்லாமல், எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்து நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக்கங்க" என்றார்.

அந்த அம்மா நின்று, முழுவதையும் படித்தார். மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரிவாளோடு வரிசைக்குள் இறங்கியபோதுதான் கொத்தனார் தன் கதிர்களை முதல் முறையாக உரித்துப் பார்த்தார். அதுவரை அவற்றின் ஞாபகமே இல்லை. கையளவு பெரிய கதிர். உறையை நீக்கினால் உள்ளே கிழவன் வாய் மாதிரி இருந்தது. இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி, நடுவில் வெறும் கட்டை. அடுத்ததும் அப்படியே. வாரத்துக்கு ஒரு வரிசை போட்டதில் எந்த வரிசைக்கும் கூடவே பூக்கிற துணை இல்லாமல் போயிருந்தது. தட்டிய பொடியெல்லாம் சுவர் தாண்டிப் போய்விட்டது. மனைவி ஒரு கதிரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எண்ணினாள்.

"பதினொண்ணு" என்றாள். "எல்லாத்தையும் அந்தப் பக்கமே அனுப்பிட்டோம்."

அவள் பக்கம் குறையில்லை. கூடை நிறைய பீன்ஸ், பின்வாசலில் ஐந்து பூசணி. சோளத்தை வெட்டவும் அவள் விடவில்லை. பீன்ஸ் இன்னும் காய்க்கிறது, தண்டு இருக்கட்டும், காய்ந்தால் தானாக விழும் என்றுவிட்டாள்.

கொத்தனார் அந்தப் பதினோரு மணிகளையும் கட்டைவிரலால் உதிர்த்து உள்ளங்கையில் ஏந்தினார். கெட்டி மஞ்சள், பல் மாதிரி. எதிலாவது மடிக்கத் தாள் தேடினார். சட்டைப்பையில் மிச்சமிருந்தது அந்த ரோஸ் தாள் ஒன்றுதான்.

"அதான் குடுத்து முடிச்சுட்டாங்களே" என்றாள் மனைவி. "இன்னும் எதுக்கு விதை?"

அவர் தாளை நாலாக மடித்து, மணிகளை உள்ளே வைத்து, ஓரத்தை உள்ளே செருகினார். எக்கி நின்று, தகரக் கூரைக்கும் மரச்சட்டத்துக்கும் இடையில், மழை படாத இடத்தில் அதை வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். சுவர் நேராக நின்றது. அதன் மேல், பிஞ்சுப் பூசணிக்கு அடியில், வெளுத்த பாக்கெட் காற்றில் ஓரம் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது.